ஆலையும் ஆடுகளமும் – 17: சோளமாவு ஆலையில் பிறந்த கரடிகள்

2011 ஆகஸ்டில் அமெரிக்கப் பத்திரிகைகளில் ஒரு செய்தி அடிபட்டது. இந்தியாவில் அமெரிக்கன் ஃபுட்பால் லீக் ஒன்று தொடங்கப் போகிறது, பெயர் எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா. பணம் போட்டவர்களில் ஹாலிவுட் நடிகர் மார்க் வால்பெர்க் இருந்தார். சிகாகோ பேர்ஸ் அணியின் பழைய பயிற்சியாளர் மைக் டிட்கா இருந்தார். இந்தியத் தந்தைக்குப் பிறந்து அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். வரை போய் ஆடிய பிராண்டன் சில்லர் இருந்தார். புணே, டெல்லி, மும்பை, கொல்கத்தா, கொழும்பு என்று ஊருக்கு ஓர் அணி. சென்னைக்கும் சென்னை ஸ்வாரதி என்ற பெயரில் ஒன்றை அறிவித்தார்கள். ரக்பி, மல்யுத்தம், கபடி, தடகளம் ஆடிக்கொண்டிருந்த பையன்களைத் தேடிப் பிடித்து, ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிவிட்டு, அமெரிக்கப் பயிற்சியாளர்களை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். 2012-இல் கொழும்பு சுகததாச அரங்கிலும் புணே பாலேவாடியிலும் ஆட்டங்கள் நடந்தன. அவற்றைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு பிறகு தொலைக்காட்சியில் காட்டினார்கள். இறுதி ஆட்டத்தில் புணே மராத்தாஸ் 6–0 என்று டெல்லி டிஃபெண்டர்ஸை வென்றது. ஆனால் வருஷா வருஷம் நடக்கும் போட்டியாக அந்த லீக் நிலைக்கவில்லை.

ஆவடி, அம்பத்தூர், எண்ணூர், திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி என்று சென்னைக்கு வடக்கிலும் மேற்கிலும் விரிந்த ஆலைகளையும், அவற்றை ஒட்டி வளர்ந்த விளையாட்டுகளையும்தான் இந்தத் தொடர் இதுவரை பேசி வந்தது. வேர்விட்ட ஆட்டங்களை மட்டும் எழுதினால் அந்த வரலாறு வெற்றிப் பட்டியலாகிவிடும். வந்தும் நிற்காமல் போன ஓர் ஆட்டத்தையும் எடுத்துப் பார்த்தால்தான் மற்றவை ஏன் நின்றன என்பது புரியும். அமெரிக்கன் ஃபுட்பாலை எடுத்துக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. உலகத்தில் ஆலையோடு மிக நெருங்கிய உறவுள்ள ஆட்டங்களில் அது ஒன்று. அப்படியிருக்க, ஸ்டீல் ரோலிங் மில்லும் டயர் ஆலையும் கனரக வாகன ஆலையும் நிறைந்த ஒரு மாவட்டத்தில் அது காலூன்றாமல் போனது ஏன்? வழக்கமாகச் சொல்லும் பதில்கள் மூன்று: ஹெல்மெட் விலை அதிகம், கிரிக்கெட் மற்ற எதையும் விடாது, நமக்கு அது அந்நிய ஆட்டம். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் மூன்றும் காரணம் அல்ல. ஓர் அமெச்சூர் கிளப் வளர முதலில் வேண்டியது ஆடுகிறவனின் நேரம். அந்த நேரத்தை அவனுக்கு விட்டுக்கொடுக்க ஒரு பள்ளியோ ஆலையோ ஊரோ பின்னால் இருந்த இடத்தில் எல்லாம் ஆட்டம் தங்கியது. இல்லாத இடத்தில் எவ்வளவு பணம் வந்தும் தங்கவில்லை.

ஆட்டத்தின் உடலமைப்பை முதலில் பார்த்துவிடலாம். 100 கஜ நீளம், 53 கஜத்துக்குச் சற்று அதிகமான அகலம், இரண்டு முனைகளிலும் கூடுதலாகப் பத்துப் பத்துக் கஜம். களத்தில் ஒரு நேரத்தில் பக்கத்துக்குப் பதினோரு பேர்தான். ஆனால் பந்து கையில் இருக்கும்போது இறங்குகிறவர்கள் வேறு, எதிரணியைத் தடுக்க இறங்குகிறவர்கள் வேறு, உதைக்க வருகிறவர் வேறு. ஆகவே ஒழுங்கான அணி என்றால் நாற்பது பேராவது வேண்டும். நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால் யார் எங்கே நிற்பது, யாரை யார் தள்ளுவது, யார் எந்தக் கோட்டில் ஓடுவது என்று முன்கூட்டியே வரைந்த திட்டம் உண்டு. முன்வரிசையில் நிற்கும் கனத்த ஆசாமி ஆட்டம் முழுக்கப் பந்தைத் தொடாமலே போகலாம். எதிரே நிற்பவனை இரண்டு மூன்று விநாடி நகரவிடாமல் பிடித்து வைப்பதுதான் அவன் வேலை. அசெம்பிளி லைனில் ஒரே ஒரு போல்ட்டை முடுக்குகிறவனுடைய வேலையைப் போன்றது அது. இந்த ஒற்றுமை தற்செயலாக வந்ததல்ல. 1880-களின் தொடக்கத்தில், இரு அணிகளும் கோட்டுக்கு இருபுறம் நின்று தொடங்கும் முறையையும், இத்தனை முயற்சிக்குள் இத்தனை தூரம் என்ற கணக்கையும் கொண்டுவந்து ரக்பியிலிருந்து இதைத் தனி ஆட்டமாகப் பிரித்தவர் யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கேம்ப். அவருடைய பிழைப்பு நியூ ஹேவன் கடிகாரக் கம்பெனியில். பின்னாளில் அதன் தலைவராகவும் ஆனார். கடிகார ஆலையை நடத்திய மனிதர் அமைத்த ஆட்டத்தில் நேரமும் தூரமும் வேலைப் பிரிவினையும் முதலிடம் பிடித்ததில் வியப்பில்லை.

கல்லூரிகளில் பிறந்த இந்த ஆட்டத்தைத் தொழிலாளர் ஊர்களுக்குக் கொண்டுபோனவை ஆலைகள். இலினாய் மாநிலத்தில் டெக்கேட்டர் என்ற ஊர். அங்கே மக்காச்சோளத்திலிருந்து ஸ்டார்ச் எடுக்கும் ஏ.ஈ. ஸ்டேலி கம்பெனி 1919-இல் ஒரு ஃபுட்பால் அணியை வைத்தது. மறு வருஷம் ஜார்ஜ் ஹாலஸ் என்ற இளைஞரை வேலைக்கு எடுத்தது: ஆலையில் உத்தியோகம், பேஸ்பால் அணியில் ஓர் இடம், ஃபுட்பால் அணிக்குப் பயிற்சியாளர் பொறுப்பு, மூன்றும் சேர்த்து. ஹாலஸ் கொண்டுவந்த ஆட்டக்காரர்களுக்கும் வருஷம் முழுக்க ஆலையில் வேலை கிடைத்தது. கவனிக்க வேண்டிய நிபந்தனை ஒன்று: அவர்கள் பயிற்சி செய்தது கம்பெனி நேரத்தில், சம்பளம் பிடிக்காமல். 1920 செப்டம்பரில் ஒஹையோவின் கேன்டன் நகரில் சில அணிகளின் ஆட்கள் கூடிப் பின்னாளில் என்.எஃப்.எல். ஆக மாறிய சங்கத்தைத் தொடங்கியபோது ஸ்டேலி கம்பெனியின் சார்பில் ஹாலஸ் போயிருந்தார். 1921-இல் செலவு தாங்காமல் கம்பெனி அணியை ஹாலஸிடமே விட்டது. கையில் 5,000 டாலரும் கொடுத்து, இன்னும் ஒரு சீசன் மட்டும் எங்கள் பெயரை வைத்துக்கொள் என்று கேட்டுக்கொண்டது. அணி சிகாகோவுக்குப் போனது. 1922-இல் அதற்கு வந்த பெயர் சிகாகோ பேர்ஸ், அதாவது கரடிகள். விஸ்கான்சினின் கிரீன் பே ஊர்க் கதையும் இதேதான். 1919-இல் கர்லி லாம்போ தான் வேலை பார்த்த இந்தியன் பேக்கிங் கம்பெனி என்ற இறைச்சிப் பதன ஆலையிடம் சட்டை வாங்க 500 டாலரும், பயிற்சிக்குக் கம்பெனி மைதானமும் கேட்டு வாங்கினார். பேக்கர்ஸ் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. இன்றும் அந்த அணி ஊர்மக்களின் பங்குகளில் நிற்கிறது.

இப்போது 2011-க்குத் திரும்பினால் ஒரு வேடிக்கை தெரியும். எலைட் லீகில் பணம் போட்ட மைக் டிட்கா, 1985 சீசனில் சிகாகோ பேர்ஸை சூப்பர் பவுல் வரை அழைத்துப்போய் ஜெயித்தவர். அவருடைய அணி ஓர் ஆலையின் சம்பளப் பட்டியலில் பிறந்தது. ஆனால் அவரும் கூட்டாளிகளும் இந்தியாவுக்கு ஏற்றி அனுப்பியது ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தை மட்டும்: கேமரா, சீருடை, அணிப் பெயர், இறுதிப் போட்டி. ஹாலஸுக்குக் கிடைத்த உத்தியோகத்தையும், வேலை நேரத்தில் கிடைத்த பயிற்சியையும் அவர்கள் கப்பலில் ஏற்றவில்லை. இதில் நம் மாவட்டத்துக்கும் ஒரு கண்ணி இருக்கிறது. கரடிகள் பிறந்த அதே டெக்கேட்டரில் இன்று சுரங்க லாரிகள் செய்யும் பெரிய கேட்டர்பில்லர் ஆலை ஓடுகிறது. திருவள்ளூரை அடுத்த மேல்நல்லாத்தூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நடத்திவந்த மண்வாரி இயந்திரப் பிரிவை 2000-ஐ ஒட்டி வாங்கியதும் அதே கம்பெனிதான். அங்கிருந்தும் சுரங்க வேலைக்கான லாரிகள் வெளிவருகின்றன. இரண்டு ஊருக்கும் ஒரே முதலாளி, ஏறத்தாழ ஒரே சரக்கு. லாரியின் வரைபடம் இலினாயிலிருந்து திருவள்ளூருக்கு வந்துவிடுகிறது. 1920-இல் அந்த ஊரில் ஓர் ஆலைக்கும் அதன் ஆட்களுக்கும் இடையே இருந்த ஏற்பாடு அப்படி வருவதில்லை.

அமெரிக்காவுக்கு வெளியே இந்த ஆட்டம் எங்கே உண்மையாக வளர்ந்தது என்று கேட்டால் முதல் பதில் ஜப்பான். அங்கே அதை நட்டவர் டோக்கியோவின் ரிக்கியோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய பால் ரஷ் என்ற மிஷனரி. 1934-இல் ரிக்கியோ, வசேதா, மெய்ஜி ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களை வைத்து ஒரு மாணவர் லீகைத் தொடங்கினார். அமெரிக்காவில் பிறந்து படிப்புக்காக ஜப்பான் வந்திருந்த ஜப்பானிய வம்சாவளி இளைஞர்கள் ஆரம்ப அணிகளில் முக்கியமானவர்கள். யுத்தத்தில் எல்லாம் நின்றுபோய், பிறகு மறுபடி தொடங்கியது. கல்லூரியை முடித்தவர்கள் எங்கே ஆடுவார்கள் என்ற கேள்வி வந்தபோது கம்பெனிகள் கதவைத் திறந்தன. 1971-இல் உருவான கம்பெனி லீக்தான் இன்றைய எக்ஸ் லீகின் மூலம். புஜித்சு ஃப்ரன்டியர்ஸ் 1985-இல் கவாசாகியில் உருவானது. பானாசோனிக்குக்கும் ஓர் அணி இருக்கிறது. ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் பகலில் அலுவலகம் போகிறவர்கள். மாணவர்களில் வென்ற அணியும் கம்பெனிகளில் வென்ற அணியும் ஜனவரியில் ரைஸ் பவுலில் மோதிக்கொள்ளும் வழக்கம் பல பத்தாண்டுகள் நீடித்தது. அரிசியின் பெயரில் ஒரு கோப்பை என்பதே அந்த ஆட்டம் அந்த மண்ணுக்குச் சொந்தமாகிவிட்டதற்கு அடையாளம். 1999-இலும் 2003-இலும் நடந்த முதல் இரண்டு உலகக் கோப்பைகளையும் ஜப்பான் வென்றது. முதலில் கல்லூரி, அடுத்து கம்பெனி, அதற்கும் பிறகே கேமரா. இந்தியாவுக்கு வந்தது இந்த வரிசையின் கடைசி உருப்படி மட்டும்.

ஜெர்மனி வேறு பாதை. அங்கே கம்பெனி இல்லை, சங்கம் இருந்தது. 1977-இல் ஃபிராங்ஃபர்ட்டர் லோவன் என்ற முதல் கிளப் தொடங்கியது; 1979-இல் நடந்த முதல் தேசிய இறுதி ஆட்டத்தில் அன்ஸ்பாக் கிரிஸ்லிஸை 14–8 என்று வென்றது. அமெரிக்க ராணுவ முகாம்கள் இருந்த ஊர்களில் ஆட்டம் முதலில் பிடித்தது என்பது உண்மை. ஆனால் முகாம்கள் சுருங்கிய பிறகும் கிளப்புகள் நின்றன. ஜெர்மனியில் பதிவு பெற்ற விளையாட்டுச் சங்கம் என்றால் உறுப்பினர் சந்தா, நகராட்சி மைதானத்தில் ஒதுக்கிய நேரம், சிறுவர் பிரிவு, நிர்வாகக் குழுத் தேர்தல் எல்லாம் சேர்ந்த ஓர் அமைப்பு. இதற்கு எதிர்ச் சோதனையும் அங்கேயே நடந்தது. 1991-இல் என்.எஃப்.எல். தானே முன்நின்று ஐரோப்பிய நகரங்களையும் சேர்த்து ஒரு தொழில்முறை லீக் தொடங்கியது. அதன் கடைசிக் காலத்தில் ஆறு அணிகளில் ஐந்து ஜெர்மன் ஊர்களில் இருந்தன. நஷ்டம் என்று 2007-இல் அதை ஒரே அறிவிப்பில் மூடினார்கள். பணம் மேலிருந்து வருவதுதான் ஆட்டத்தை வளர்க்கும் என்றால் அந்த வருஷமே ஜெர்மனியில் அமெரிக்கன் ஃபுட்பால் படுத்திருக்க வேண்டும். சந்தா கட்டி ஆடும் கிளப்புகள் அடுத்த வாரமும் வழக்கம்போல் பயிற்சிக்குப் போயின.

சரி, இங்கே வருவோம். அமெரிக்க ஆட்டம் நமக்கு அந்நியம் என்கிறவர்கள் வாலிபாலையும் பாஸ்கெட்பாலையும் மறந்துவிடுகிறார்கள். இரண்டும் மாசசூசெட்ஸில், ஒய்.எம்.சி.ஏ.வின் கையில் பிறந்தவை. பாஸ்கெட்பால் 1891-இல் ஸ்பிரிங்ஃபீல்டில். வாலிபால் 1895-இல் ஹோலியோக் என்ற காகித ஆலை நகரத்தில். அந்த ஸ்பிரிங்ஃபீல்டில் பயிற்சி பெற்ற ஹாரி குரோ பக் சென்னைக்கு வந்து 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப்போனவரும் அவரே. அந்த உடற்கல்விப் பள்ளியில் படித்தவர்கள் மாகாணமெங்கும் பள்ளிகளில் டிரில் மாஸ்டர்களாகப் போய் உட்கார்ந்தார்கள். பொன்னேரியோ திருவள்ளூரோ, எந்த ஊர்ப் பள்ளியாக இருந்தாலும் இரண்டு கம்பத்தை நட்டு வலை கட்டி வாலிபால் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் இருந்தார் என்றால் அது இந்த ஏற்பாட்டின் பலன். இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்ஃபீல்டில் அமெரிக்கன் ஃபுட்பாலும் ஆடினார்கள். பாஸ்கெட்பாலைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தே அந்த ஃபுட்பால் அணியில் நடுவில் நின்று ஆடியவர். காது கிழியாமல் இருக்கத் தலைக்கவசம் மாதிரி ஒன்றைச் செய்து போட்டுக்கொண்டவர். ஆக ஒரே வீட்டிலிருந்து மூன்று ஆட்டங்களும் கப்பல் ஏறியிருக்கலாம். ஏறியவை இரண்டு. நாற்பத்தைந்து பையன்கள், ஒரு பந்து, ஒரு பீரியட் என்ற நம் பள்ளிக் கணக்குக்குப் பொருந்தியவை அவை இரண்டும்தான். ஃபுட்பால் கேட்ட நேரமும் ஆளும் கவசமும் அந்தக் கணக்கில் அடங்கவில்லை.

பள்ளி விட்ட இடத்தில் ஆலை தொடர்ந்தது. பெரம்பூரில் ரயில் பெட்டி ஆலையான ஐ.சி.எஃப். 1955-இல் வந்தது. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இலேயே இருந்தது. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பொதுத்துறை ஆலை என்றால் குவார்ட்டர்ஸ், பள்ளி, மருத்துவமனை, மைதானம் எல்லாம் சேர்ந்த ஒரு தனி ஊர். ஜெனரல் ஷிஃப்ட் முடிந்தால் பொழுது சாய இன்னும் நேரம் இருக்கும். மைதானம் நடந்துபோகிற தூரம். சுண்ணாம்புக் கோடு போட ஆள் இருந்தார். பந்து வாங்க வெல்ஃபேர் நிதி இருந்தது. இங்கே ஓர் ஆட்சேபம் நியாயமாக எழும்: அது எப்படி அமெச்சூர்? ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு எடுத்து, ஆபீஸ் கையெழுத்துக்கு மட்டும் வந்துவிட்டு மீதி நேரம் ஆடுகிறவன், சம்பளத்துக்கு ஆடுகிறவன்தானே? ஆமாம், பெரிய அணிகளின் முதல் வரிசைக்கு அது பொருந்தும். கோட்டா நியமனங்கள் வற்றிய இடத்தில் அந்த அணிகளும் வற்றியது உண்மை. ஆனால் அந்த முதல் வரிசைக்குக் கீழே டிபார்ட்மென்ட்டுகளுக்குள் போட்டி ஆடிய அறுபது பேருக்கு யாரும் கோட்டா கொடுக்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்தவை மாலை நாலரை மணியும் ஒரு மைதானமும். மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்த குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு அவை அப்பாவின் கணக்கில் இலவசமாகக் கிடைத்தன.

கும்மிடிப்பூண்டி வேறு காலத்துப் பிறவி. சென்னையிலிருந்து ஏறத்தாழ 45 கி.மீ., கூடூர் ரயில் பாதையும் கொல்கத்தா நெடுஞ்சாலையும் ஒட்டி ஓடும் இடம். 1980-களில் அரசின் சிப்காட் தொழில் பூங்கா அங்கே வளர ஆரம்பித்தது. ரோலிங் மில், உருக்கு உலை, ரசாயனம், பிளாஸ்டிக் என்று ஆலைகள் வந்தன. குவார்ட்டர்ஸ் வரவில்லை. உலைக்கு முன் நிற்பவர்களில் பெரும்பகுதி பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். கான்ட்ராக்டரின் கணக்கில் இருப்பவர்கள். ஷிஃப்ட் முடிந்தால் ஓ.டி., ஓ.டி. முடிந்தால் அறையில் தூக்கம். 1948-ஆம் வருஷத்து ஃபாக்டரிஸ் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்திருந்தது. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் அந்தச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் நிறைவேறியது நினைவிருக்கும். வாரக் கணக்கு மாறாது, வேலை நேரத்தை வளைத்துக்கொள்ள மட்டும் வழி என்று அரசு சொன்னது. பன்னிரண்டு மணி நேர வேலைநாள் வருகிறது என்று தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மூன்றே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார். அந்த வாரம் நடந்த வாதம் முழுக்கக் கூலியையும் உடல்நலத்தையும் பற்றியது. விளையாட்டு வரலாற்றை எழுதுகிறவனுக்கு அது மாலை நாலரை மணியைப் பற்றிய வாதமும்கூட. நாற்பது பேர் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் வாரத்துக்கு மூன்று தடவை கூட முடியாத ஊரில், நாற்பது பேர் வேண்டிய ஆட்டத்துக்கு எப்படி கிளப் வரும்?

இதே தாலுகாவின் தேர்வாய்கண்டிகையில் மிச்லின் டயர் ஆலை இருக்கிறது. அந்த ஆலை நிற்கும் சிப்காட் பூங்காவுக்காக ஆயிரம் ஏக்கருக்கு மேல் மேய்க்கால் நிலம் போகிறது என்று ஊர் மக்கள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள், ஆண்டுக்கணக்கில் போராடியதைச் செய்தித்தாள் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மிச்லின் பிரெஞ்சுக் கம்பெனி. சொந்த ஊர் க்ளெர்மோன்-ஃபெரான். அங்கே 1911-இல் நிறுவனர் குடும்பத்தைச் சேர்ந்த மார்செல் மிச்லின் ஆலைத் தொழிலாளர்களுக்காக ஒரு விளையாட்டுச் சங்கம் தொடங்கினார். கம்பெனிப் பெயரைச் சங்கத்துக்கு வைக்கக் கூடாது என்ற விதி வந்ததும் 1922-இல் ஏ.எஸ்.எம். என்ற முதலெழுத்துகள் மாறாதபடி ஊர்ப் பெயரை உள்ளே வைத்துக்கொண்டார்கள். அதுதான் இன்று பிரான்ஸின் முன்னணி ரக்பி கிளப்புகளில் ஒன்றான ஏ.எஸ்.எம். க்ளெர்மோன், அதன் மைதானத்துக்கு மார்செல் மிச்லினின் பெயர். அமெரிக்கன் ஃபுட்பாலின் தாய் ரக்பி என்பதால் இந்தக் கதை நம் பொருளுக்கு வெளியே இல்லை. 1911-இல் செய்ததை ஒரு நூற்றாண்டு கழித்து இன்னொரு கண்டத்தில் செய்யவில்லை என்று கம்பெனியைக் குறை சொல்வதில் பயனில்லை. அன்றைய க்ளெர்மோனில் தொழிலாளி என்றால் ஆயுள் முழுக்க அங்கேயே இருந்து, வீட்டையும் பள்ளியையும் கம்பெனியிடமிருந்தே பெறுகிறவன். அவனைக் கட்டிப்போடும் கயிறாகவும் அந்த கிளப் இருந்தது. அதை இனிப்பாக்கிச் சொல்ல வேண்டாம். இன்றைய தொழில் பூங்காவில் ஆலைக்கும் ஆளுக்கும் இடையே அவ்வளவு நீண்ட ஒப்பந்தமே கிடையாது.

ஹெல்மெட் விலைக்கு அதிகம் நிற்க வேண்டாம். எலைட் லீகில் கவசத்தைக் கம்பெனியே வாங்கிக் கொடுத்தது. அதற்குப் பிறகும் ஆட்டம் தங்கவில்லை என்றால் தடை கவசத்தில் இல்லை. கிரிக்கெட் வாதமும் பாதி தூரம்தான் வரும். கிரிக்கெட் வேண்டிய அளவு ஆண்ட காலத்திலேயே வாலிபாலும் கபடியும் இதே மாவட்டத்தில் ஓடின. உண்மையில் என் வாதத்துக்குப் பலமான எதிரி கபடிதான். எந்த ஆலை அதற்கு நேரம் கொடுத்தது? எந்தப் பள்ளி மைதானம் விட்டது? ஊருக்கு ஊர் நண்பர்கள் கபடிக் குழு, மாட்டுப் பொங்கலன்று டியூப் லைட் கட்டி விடிய விடிய ஆட்டம், கோப்பையோடு ரொக்கம், உபயதாரர் பெயர் ஒலிபெருக்கியில் நூறு தடவை. இதற்கு என்ன பதில்? கபடிக்குப் பக்கத்துக்கு ஏழு பேர், உட்கார வைக்க ஐந்து பேர், கொத்தி நீரடித்த மண் தரை. பன்னிரண்டு பேர் இருட்டுகிற வேளையில் சந்திக்கக் கிராமமே போதும். திருவிழா நாட்காட்டியே அதன் போட்டி அட்டவணை. அண்ணன் ஆடியதைத் தம்பி பார்த்துக் கற்றுக்கொள்வதே பயிற்சி. நேரத்தைத் தரும் அமைப்பு இல்லாமல் கபடி வளர்ந்தது என்பது சரியல்ல, அதற்கு ஊர் என்ற அமைப்பு போதுமானதாக இருந்தது. நாற்பது பேரும் வரைபடமும் வேண்டிய ஆட்டத்துக்கு ஊர் போதாது, ஆலையோ கல்லூரியோ வேண்டும். எதிராளியின் இடுப்பைப் பிடித்துச் சாய்க்கும் உடலும் துணிவும் இந்தப் பக்கத்துப் பையன்களிடம் குறைவில்லை என்பதற்கும் கபடியே சாட்சி. எலைட் லீகின் ஆட்கள் கபடிக்காரர்களைத் தேடிப் போனது அதனால்தான். ஆளைக் கண்டுபிடித்தார்கள், அந்த ஆள் எந்த அமைப்பிலிருந்து வந்தான் என்பதை மட்டும் பார்க்கவில்லை.

இந்தக் கணக்கு சரியென்றால் இனி நடக்கக்கூடியதைப் பற்றியும் அது ஏதாவது சொல்ல வேண்டும். 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, கிரிக்கெட்டோடு சேர்த்து, அமெரிக்கன் ஃபுட்பாலின் எளிய வடிவமான கொடி ஃபுட்பாலையும் 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சேர்த்தது. நம் பத்திரிகைகள் கிரிக்கெட்டைத் தலைப்பாக்கிவிட்டு மற்றதை ஒரு வரியில் விட்டன. கொடி ஃபுட்பாலில் பக்கத்துக்கு ஐந்து பேர். முனைகளை நீக்கினால் 50 கஜ நீளமும் 25 கஜ அகலமும் போதும். ஹெல்மெட் இல்லை, மோதிச் சாய்ப்பது இல்லை, இடுப்புப் பட்டையில் தொங்கும் துணியை உருவினால் ஆட்டம் நின்றது. பெண்களுக்கும் தனிப் போட்டி உண்டு. நாற்பது பேர் கேட்ட ஆட்டம் கபடியின் அளவுக்கு இறங்கி வந்துவிட்டது என்று பொருள். எனவே மறுபடி ஒரு லீகும் ஒரு நடிகரும் வருவதற்காகக் காத்திருப்பது வீண். ஒலிம்பிக் ஆட்டம் என்ற முத்திரை விழுந்ததும் பள்ளி விளையாட்டுப் போட்டிப் பட்டியலிலும், அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலிலும் அது ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். பக் தொடங்கிய வழியில் இன்றும் பொன்னேரியிலும் திருவள்ளூரிலும் பி.இ.டி. மாஸ்டர்கள் இருக்கிறார்கள், பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கினால் அவர்களுடைய பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. அந்த பீரியட் அவர்களிடமே நின்றால் ஆட்டம் பள்ளிக்குள் வந்துவிடும். பள்ளியை முடித்து சிப்காட் வாசலுக்குள் போகிற பையனுக்கு அதைத் தொடர மாலை இருக்குமா என்பது ஆலைகளும் தொழிற்சங்கங்களும் பேசித் தீர்க்க வேண்டியது.

அடுத்த பகுதியில் ஆவடியின் பால் பாட்மின்டன் அணிகள்.